இத்தாவில் வந்த தேர்தல்

ஜூலை 6, சனி. இத்தா நாள் 1

என் கணவரின் மூச்சு அடங்கும்போது அறையில் இருந்தவர்கள்: நான், மகள் நுஸைபா, மருமகன் றிஸ்மி, பக்கத்து வீட்டு சவுதா, வாசற்படியில் நின்று யாஸீன் ஓதிய இல்யாஸ் மௌலவி. ஐந்து பேர். பேரப்பிள்ளை தொட்டிலில் தூங்கியது. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. நேரம் சுபஹு தொழுகைக்குப் பின் ஐந்து ஐம்பது.

அதற்குச் சற்று முன் எல்லாரும் தங்கள் பிழைகளுக்கு அவரிடம் மாப்புக் கேட்டார்கள். மருமகன் கையைப் பிடித்துக் கேட்டார். மகள் காலைப் பிடித்துக் கேட்டாள். சவுதா கூட, "ஆதம்பாவா காக்கா, உங்கட மாமரத்தில புடுங்கின மாங்காய்க்கெல்லாம் மாப்புத் தாங்க" என்றாள். அவர் சிரிக்கப் பார்த்தார். என் முறை வந்தபோது அவர் உதடு காய்ந்திருந்தது. பஞ்சை நனைத்து வைத்தேன். அதற்குள் முடிந்துவிட்டது.

அஸருக்கு முன் அடக்கம். தோட்டைக் கழற்றினேன், வெள்ளை உடுத்தினேன். இனி இத்தா, கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இருக்க வேண்டும். பிறைக் கணக்குப்படி நவம்பர் பன்னிரண்டை ஒட்டி முடியும் என்றார் மௌலவி. நாளை எண்ணுவதற்காக இந்தக் கொப்பியில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். பாதிக்கு மேல் வெறுந்தாள் கிடப்பதால் அன்றன்று உள்ளதை எழுதலாம் என்று நினைக்கிறேன்.


ஜூலை 9, செவ்வாய். நாள் 4

அரிசியில் ஒரு சுண்டு குறைத்துப் போட்டேன். மறந்து பழையபடி போட்டுவிடுவேன் என்று பயந்தேன். மறக்கவில்லை.


ஜூலை 15, திங்கள். நாள் 10

இன்று வந்தவர்கள் பதினாலு பேர், எல்லாரும் பெண்கள். கூடத்துக்கும் என் அறைக்கும் நடுவில் மருமகன் ஒரு திரை கட்டியிருக்கிறார். ஆண்கள் வந்தால் அதற்கு அந்தப் பக்கம் இருந்து ஸலாம் சொல்லிப் போகிறார்கள்.

சவுதா என் பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தாள்.

"ஒருக்கா அழுகா. நெஞ்சுக்குள்ள வெச்சிருந்தா வெடிச்சிப் போகும்."

"வரல்ல."

"என்ட மனிசன் மௌத்தாகி மூணு நாள் விடாம அழுத நான். நாலாம் நாள் அவருக்கெண்டு ஒளிச்சி வெச்ச கருவாட்ட நானே பொரிச்சித் திண்ட. அதுக்குப் பொறகுதான் மனிசியான."

வந்திருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

காலை வேலை ஒன்றும் குறையவில்லை. ஐந்து வருஷமாக அவர் தன் தேநீரைத் தானே ஊற்றிக் குடித்தார்.


ஜூலை 26, வெள்ளி. நாள் 21

ஜும்ஆ முடிந்து வந்த மருமகன் திரைக்கு அப்பால் நின்று சொன்னார்: "மாமி, தேர்தல் அறிவிச்சாச்சி. செப்டம்பர் இருபத்தொண்டு, சனிக்கிழமை."

கொப்பியை எடுத்து எண்ணினேன். எழுபத்தெட்டாம் நாள்.

நான் இதுவரை ஏழு ஜனாதிபதித் தேர்தலில் வாக்குப் போட்டிருக்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகுதான் ஏழும். ஒவ்வொரு முறையும் முதல் நாள் அவர் ஒரு துண்டுக் காகிதத்தில் சின்னத்தை வரைந்து காட்டுவார். "இதுக்கு நேர. வேற எங்கயும் கை படப்படா." நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகியது நுஸைபாவின் பாடப் புத்தகத்தில். ஆனால் சின்னத்துக்குப் படிப்பு வேண்டியதில்லை. காலையில் சேர்ந்து போவோம். அவர் ஆண்கள் வரிசை, நான் பெண்கள் வரிசை. திரும்பி வரும்போது ஒன்றும் கேட்க மாட்டார். கேட்க வேண்டிய அவசியம் இல்லை என்று நினைத்திருப்பார்.

ஏழில் ஆறு அவர் சொன்ன இடத்தில். ஏழாவதைப் பற்றி இன்றைக்கு எழுதவில்லை.

ஜூன் மாதம், படுக்கையில் கிடக்கும்போது, தேர்தல் வரப்போகிறது என்று ரேடியோவில் சொன்னது. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு சொன்னார்: "இந்த முறை உன்ட விருப்பத்துக்குப் போடு, றாஹிலா." ஏன் அப்படிச் சொன்னார் என்று தெரியவில்லை. வருத்தத்தில் சொன்னதாக இருக்கும்.


ஆகஸ்ட் 10, சனி. நாள் 36

நெல் அவித்துக் காயப்போட வேண்டும். முற்றத்துக்கு நான் போக முடியாது என்பதால் நுஸைபா பிள்ளையை என்னிடம் தந்துவிட்டுக் கிளறினாள். ஒலிபெருக்கி கட்டிய வாகனங்கள் மூன்று போயின. பிள்ளை ஒவ்வொன்றுக்கும் கை தட்டியது.

மருமகன் ஒரு வேட்பாளருக்கு ஊருக்குள் வேலை செய்கிறார். வீட்டுக்கு வீடு எத்தனை வாக்கு என்று எழுதிக்கொண்டு திரிகிறார். சாப்பிடும்போது நுஸைபாவிடம் சொல்வது எனக்குக் கேட்டது.

"நம்மட வீட்டில மூணு எண்டு குடுத்திட்டன்."

"மூணா? உம்மா இத்தாவிலதானே இரிக்கா?"

"ஒரு பத்து நிமிஷ வேலை. ஆட்டோவில ஏத்தி ஆட்டோவில இறக்கிற. மௌலவிட்ட கேட்டுக்குவம்."

"உம்மாட்டக் கேட்ட நீங்களா?"

"மாமி எப்ப மாட்டன் எண்டிரிக்கா?"

அது உண்மைதான்.


ஆகஸ்ட் 24, சனி. நாள் 50

ஐம்பது நாள் ஆயிற்று. ரமழானில் விட்டுக் கழாவான நோன்பில் இன்னும் நாலு பாக்கி இருக்கிறது. திங்கள் வியாழன் பிடிக்கலாம். அவருடைய சாரங்கள் ஆறையும் துவைத்து மடித்துப் பள்ளிவாசலுக்குக் கொடுத்தேன். மூக்கில் வைத்துப் பார் என்று சவுதா சொன்னாள். பார்த்தேன். சவர்க்கார வாசம்தான்.


செப்டம்பர் 5, வியாழன். நாள் 62

தபால்காரர் வாக்காளர் அட்டை கொண்டுவந்தார். நாலு அட்டை. மூன்றாவது அவருடையது. இடாப்பில் இன்னும் பெயர் இருக்கிறதாம். மகள் அதைத் திருப்பிக் கொடுத்து, "வாப்பா மௌத்து" என்றாள். தபால்காரர் தொப்பியைக் கழற்றி, "ஆ, தெரியாதும்மா" என்று சொல்லி அட்டையில் பேனாவால் ஏதோ எழுதிக்கொண்டு போனார்.

என் அட்டையில் என் பெயர் சரியாக இருக்கிறது. வரிசை இலக்கமும் இருக்கிறது.


செப்டம்பர் 7, சனி. நாள் 64

மருமகன் இல்யாஸ் மௌலவியைக் கூட்டி வந்தார். அவர்கள் கூடத்தில், நானும் நுஸைபாவும் திரைக்கு இந்தப் பக்கம். நடந்ததை முழுவதும் எழுதி வைக்கிறேன், ஏனென்றால் பிறகு நான் மாற்றி நினைத்துவிடக் கூடாது.

மௌலவி சொன்னார்: "இத்தாவில இருக்கிற பொம்புள தேவைக்கு வெளியே போகலாம். வைத்தியம், சாப்பாட்டுக்கு ஆளில்லாட்டி சாமான் வாங்கிற, இப்படி. தேவை இல்லாததுக்குப் போகப்படா."

"வோட்டும் தேவைதானே மௌலவி?" என்றார் மருமகன்.

"தம்பி, நாட்டில எத்தின வோட்டு? ஒரு கோடியே எழுபது இலட்சம். அதில உங்கட மாமிட ஒண்டு போகாட்டி என்ன கொறையப் போகுது? ஒருத்தர் ஒரு வோட்டால வெண்டதா எங்கயாவது கேள்விப்பட்டிரிக்கீங்களா? கொறையாத ஒண்ட எப்படித் தேவை எண்டு சொல்ற?"

"போன தேர்தலுக்கு வோட்டு அமானிதம், போடாதவன் அல்லாட்டப் பதில் சொல்லணும் எண்டீங்களே. மிம்பர்ல நிண்டு சொன்ன நீங்கதானே?"

"அது ஊருக்குச் சொன்னது. இது ஒரு ஆளுக்குச் சொல்றது."

"ஊர் எண்டா ஆள் இல்லாம ஊரா மௌலவி?"

"நீங்க மாமிக்காகக் கேக்கிறீங்களா, உங்கட ஆளுக்காகக் கேக்கிறீங்களா?"

தேநீர்க் கோப்பை வைக்கும் சத்தம் கேட்டது. மௌலவி போகப் புறப்பட்டபோது நான் திரைக்குள் இருந்து கேட்டேன். இரண்டு மாதத்தில் ஆண்கள் கேட்க நான் பேசிய முதல் பேச்சு.

"மௌலவி, ஒருத்தருக்கு வோட்டுப் போட்டு, அவர் வெண்டு, பொறகு ஒரு அநியாயம் நடந்தா, போட்டவங்களுக்கு அதில பங்கு இரிக்கா?"

"எத்தின இலட்சம் பேர் போட்ட? அதில ஒருத்தருக்கு என்ன பங்கு? ஒரு தூசி கூட இல்ல. ஏன் ராத்தா?"

"சும்மா கேட்ட."

நுஸைபா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.


செப்டம்பர் 8, ஞாயிறு. நாள் 65

லுஹருக்குப் பின் படுத்தேன். அஸர் பாங்கு சொல்லும்வரை தூங்கினேன். இப்படித் தூங்கி எவ்வளவு காலம் என்று கணக்கில்லை. ஒரு தூசி கூட இல்லை என்று மௌலவி சொன்னார். போக வேண்டியதும் இல்லை.


செப்டம்பர் 10, செவ்வாய். நாள் 67

சவுதா முருங்கைக்காய் கொண்டுவந்தாள். நான் வாக்குப் போடப் போகவில்லை என்று சொன்னேன்.

"போனாலும் ஒண்டுதான், போகாட்டியும் ஒண்டுதான். நான் என்ன செய்ற தெரியுமா? தாள வாங்கி, அந்த மறைப்புக்குள்ள போய், கொஞ்ச நேரம் நிண்டு, வெறுந்தாள மடிச்சிப் பெட்டியில போட்டுட்டு வாற. எல்லாத் தேர்தலுக்கும் அதுதான்."

"ஏன்கா அப்படி?"

"பொறகு எவன் வந்து என்ன செஞ்சாலும் நான் ஏச ஏலும் பாரு. நான் அனுப்பல்ல இவன எண்டு."

அவள் முருங்கைக்காயை நறுக்கிக்கொண்டே இருந்தாள். நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.


செப்டம்பர் 13, வெள்ளி. நாள் 70

பள்ளிவாசல் குத்பா ஒலிபெருக்கியில் வீட்டுக்குள் தெளிவாகக் கேட்கும். இன்றைக்கு இல்யாஸ் மௌலவி தேர்தலைப் பற்றிப் பேசினார். வாக்கு என்பது சாட்சியம் என்றார். இவர் நல்லவர், இவரிடம் ஆட்சியைக் கொடுக்கலாம் என்று நாம் கையெழுத்து வைக்கிறோம் என்றார். ஒவ்வொருவரும் தன் சாட்சிக்கு மறுமையில் தனித்தனியாக நிறுத்தப்பட்டுக் கேட்கப்படுவார், கூட்டத்துக்குள் ஒளிய முடியாது என்றார். குரல் நடுங்கியது. உள்ளத்தில் இருந்துதான் பேசினார் என்று எனக்குத் தெரிந்தது. சனிக்கிழமை சொன்னதும் உள்ளத்தில் இருந்து சொன்னதுதான்.

மீன் கருகிவிட்டது. நுஸைபா வந்து அடுப்பை அணைத்தாள்.

ஏழாவதை எழுதுகிறேன்.

தேவாலயங்களில் குண்டு வெடித்த வருஷம். பழி முஸ்லிம்கள் எல்லார் மேலும் விழுந்து, எங்கள் ஊரிலும் வீடு வீடாகச் சோதனை செய்தார்கள். எங்கள் வீட்டில் சமையலறைச் சுவரில் தொங்கிய குர்பான் கத்தியை எடுத்தார்கள். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு மாடு அறுக்கும் கத்தி, அவருடைய வாப்பா தந்தது. அதற்காக அவரைக் கொண்டுபோய் இருபத்திரண்டு நாள் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தபோது வலக் கைச் சுண்டுவிரலை மடக்க முடியவில்லை. என்ன நடந்தது என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த வருஷக் கடைசியில் தேர்தல். எங்களை வெறுக்கிறார்கள் என்று எல்லாரும் சொன்ன பக்கம்தான் வெல்லும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவர் வழக்கம்போலக் காகிதத்தில் மற்றப் பக்கத்துச் சின்னத்தை வரைந்து காட்டினார். மடங்காத விரலோடு வரைந்ததால் கோடு வளைந்து போயிருந்தது. மறைப்புக்குள் நின்று நான் யோசித்தேன். பெட்டி பெட்டியாகத்தானே எண்ணுகிறார்கள். எங்கள் ஊர்ப் பெட்டியில் வெல்லப்போகிறவருக்கு ஒன்றும் இல்லை என்று கண்டால் கோபத்தோடு திரும்ப வருவார்கள். சிலதாவது இருந்தால், இவர்களிலும் நமக்குப் போட்டவர்கள் இருக்கிறார்கள் என்று விட்டுவிடுவார்கள். அவரைத் திரும்பக் கொண்டுபோக மாட்டார்கள். அப்படி நினைத்தேன். வெல்லப்போகிறவருக்கு நேரே போட்டேன்.

அந்த வேட்பாளர் வென்றார். எங்கள் தொகுதியில் அவருக்கு விழுந்தது நாலாயிரத்துச் சொச்சம் என்று பேப்பரில் இருந்தது. அதில் ஒன்று நான்.

வாக்குப் போட்ட அன்று பின்னேரம் நுஸைபாவின் வாப்பா கேட்டார். ஏழு தேர்தலில் கேட்டது அந்த ஒரு முறைதான்.

"எங்க போட்ட?"

"நீங்க சொன்ன இடத்தில."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு, வயது போகிறது, கை கால் அசைய வேண்டும் என்று சொல்லி எழுந்து போய்த் தேநீரைத் தானே ஊற்றிக்கொண்டார்.


செப்டம்பர் 15, ஞாயிறு. நாள் 72

மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். பாதியில் விட்ட கணக்கு கணக்கில்லை.

அடுத்த வருஷம் தொற்று வந்தது. என் கூடப்பிறந்த காக்கா மீராலெப்பை தலைநகரத்து ஆஸ்பத்திரியில் மௌத்தானார். அந்தக் காலத்தில் தொற்றில் மௌத்தானவர்களை அடக்கவிடவில்லை, எரித்தார்கள். ஜனாஸாவை எரிப்பது என்றால் எங்களுக்கு என்னவென்று எழுத வேண்டியதில்லை. மதினி ஐனுல் தனிமைப்படுத்தலில் இருந்தா. பிள்ளைகளையும் விடவில்லை. முகம் பார்க்கவில்லை, குளிப்பாட்டவில்லை, கஃபன் துணி இல்லை. போனில் ஒருவர் எரிக்கும் நேரம் சொன்னார். அந்த நேரத்துக்கு நாங்கள் இங்கே, அவ அங்கே, தொழுதோம். காக்காவுக்குக் கபுறு இல்லை.

அன்றைக்கு எங்கள் வீட்டு ஆண்கள் கூடத்தில் இருந்தார்கள். நான் தேநீர் கொண்டுபோனேன். அவர் பேசிக்கொண்டிருந்தார்.

"நெருப்பு வெச்சவன் ஒரு ஆளில்ல. எவனெவன் இவனுக்குப் புள்ளடி போட்டானோ, அவனவன் ஒவ்வொரு கொள்ளி."

ஏழு கோப்பை. ஒன்றும் சிந்தவில்லை. அவருடைய கோப்பையை அவர் எடுக்கவில்லை.


செப்டம்பர் 17, செவ்வாய். நாள் 74

மருமகன் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆட்டோ சொல்லியிருக்கிறாராம். மௌலவி சொன்னதை ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டாம், அவர் மற்றக் கட்சி, அதனால்தான் அப்படிச் சொன்னார் என்கிறார். இருக்கலாம். மாமி, உங்களுக்கு மட்டும் ஒரு மாதிரித் தாள் கொண்டுவந்திருக்கிறேன் என்று திரைக்குக் கீழால் தள்ளிவிட்டார். சின்னத்துக்கு நேரே பெரிய எழுத்தில் 1 என்று அச்சடித்திருக்கிறது.

பிள்ளை அதைக் கிழித்துவிட்டது. நான் பறிக்கவில்லை.


செப்டம்பர் 20, வெள்ளி. நாள் 77

இப்படி எழுதிப் பார்த்தேன்.

ஒரு வாக்குக்குக் கனம் இல்லையென்றால் நாளைக்கு நான் வெளியே போகக் காரணம் இல்லை. காக்காவின் விஷயத்திலும் எனக்குப் பங்கு இல்லை. அப்படியே இருந்து நவம்பரில் திரையைக் கழற்றலாம்.

கனம் உண்டென்றால் நாளைக்குப் போக வேண்டும். மற்றதையும் என் பெயரில் எழுத வேண்டும்.

கீழே கோடு போட்டேன். இதில் ஒன்று, அதில் ஒன்று என்று எடுக்க முடியாது. மௌலவி ஒரு சனிக்கிழமை ஒன்றையும் ஒரு வெள்ளிக்கிழமை மற்றதையும் எடுத்தார். அவருக்கு அது முடிகிறது.


செப்டம்பர் 21, சனி. நாள் 78

ஒன்பது மணிக்கு ஆட்டோ வந்தது. நான் வரவில்லை என்றேன்.

"மாமி, நான் மூணு எண்டு சொல்லிட்டன்!"

"ரெண்டு எண்டு மாத்திச் சொல்லுங்க, மருமகன்."

"நீங்க ஒரு நாளும் இப்படிப் பேசல்லையே."

"பேசல்லதான்."

அவர் வண்டியில் தனியாக ஏறிப் போனார். ஆட்டோக்காரன் என்னைத் தேடி எட்டி எட்டிப் பார்த்தான்.

லுஹர் தொழுதேன். சோறு போட்டேன், சாப்பிட்டோம், கழுவி வைத்தேன். இரண்டரைக்கு நுஸைபாவிடம், பிள்ளையைச் சவுதாவிடம் கொடுத்துவிட்டு வா, வாக்குப் போடப் பள்ளிக்கூடத்துக்குப் போவோம் என்றேன். அவள் ஏனென்று கேட்கவில்லை. வெள்ளையோடே போனேன். எழுபத்தெட்டு நாளைக்குப் பிறகு வெயில். கண் கூசியது, வேறு ஒன்றும் தோன்றவில்லை.

வரிசையில் பெண்கள் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி மற்றவளிடம், எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னாள்:

"மனிசன்ட கபுறு மண் காயல்ல, வோட்டுக்கு வந்திட்டா."

நுஸைபா திரும்பினாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

முகத்தைக் காட்டச் சொன்னார்கள், காட்டினேன். பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார்கள். "ஆதம்பாவா றாஹிலா உம்மா." இடக் கைச் சுண்டுவிரலில் மை வைத்தார்கள். தாள் ஒரு முழத்தைத் தாண்டி நீளம். மறைப்புக்குள் அதை விரித்தபோது அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தொங்கியது.

இதற்கு முன் சின்னத்தை மட்டும் தேடுவேன். இன்றைக்கு முதல் பெயரிலிருந்து எழுத்துக் கூட்டி வாசித்தேன். எல்லாப் பெயரையும் வாசித்தேன். இவர்களில் எங்களை என்ன செய்வார்கள் என்று தெரிந்தவர்கள் சிலர், தெரியாதவர்கள் அதிகம்.

"உம்மா, சுணங்குது" என்றார் உள்ளே இருந்த உத்தியோகத்தர்.

"வாசிக்கிறன், மகன். கொஞ்சம் பொறுங்க."

அவர் பொறுத்தார்.

போட்டேன். யாருக்கு என்பது எனக்கும் அல்லாஹ்வுக்கும் தெரியும். பயந்து போடவில்லை என்பது மட்டும் இதில் இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்து அஸர் தொழுது, பிள்ளைக்குக் கஞ்சி கொடுத்தேன். ஏதாவது தோன்றும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.


செப்டம்பர் 22, ஞாயிறு. நாள் 79

மருமகனின் ஆள் தோற்றுவிட்டார். மருமகன் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார். நான் போய்ப் போட்டதை யாரோ சொல்லிவிட்டார்கள்.

"மாமி, நேத்து எங்க போட்ட நீங்க?"

"பெட்டிக்குள்ள."

நுஸைபா சிரித்தாள். அவரும் கடைசியில் சிரித்துவிட்டார். "சரி, மாமிட ஒரு வோட்டால நாங்க தோக்கல்ல" என்றார்.

"அப்படிச் சொல்லாதீங்க" என்றேன். நான் எண்ணியதைவிடச் சத்தமாக வந்துவிட்டது. அவர் எழுந்து நின்றார்.


செப்டம்பர் 23, திங்கள். நாள் 80

நோன்பு. கழாவில் இது கடைசி.

காலையில் கடிதம் எழுதினேன். மூன்று தாள் பாழாயிற்று. நாலாவதை நுஸைபா வாசித்தாள். வாசித்து முடித்து, "வாப்பாக்கு இது தெரியுமா உம்மா?" என்று கேட்டாள். தேநீர்ச் சட்டியை இறக்கி வைக்கச் சொன்னேன். அவள் தபாலில் சேர்க்கக் கொண்டுபோயிருக்கிறாள். அனுப்பியதன் நகல் கீழே.

பொத்துவில் ஐனுல் மதினிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்கும் பிள்ளைகளின் சுகத்துக்கும் துஆச் செய்கிறேன்.

மதினி, காக்காவை எரித்தவர்கள் ஆட்சிக்கு வந்த தேர்தலில் நான் அவர்களுக்கு வாக்குப் போட்டேன். நுஸைபாவின் வாப்பா சொல்லிப் போடவில்லை. அவர் வேறு இடம்தான் சொன்னார். அவரைத் திரும்பக் கொண்டுபோகக் கூடாது என்ற பயத்தில் நானாகப் போட்டேன். இப்படிச் செய்வார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் எங்களை வெறுக்கிறார்கள் என்று தெரியும்.

ஒரு வாக்கால் ஒன்றும் ஆவதில்லை என்று எனக்குச் சொன்னார்கள். நான் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. நேற்று முன்தினம் இத்தாவிலேயே போய் வாக்குப் போட்டுவிட்டு வந்தேன். போட்ட பிறகு, அன்றைக்குப் போட்டதற்குக் கனமில்லை என்று சொல்ல எனக்கு வாயில்லை.

காக்காவிடம் கேட்க முடியாது. அவருக்குப் பிறகு மன்னிக்கும் ஹக் உங்களிடம்தான் இருக்கிறது. எனக்கு மாப்புத் தாருங்கள். தர மனம் இல்லையென்றால் அதையும் எழுதுங்கள், நான் குறை நினைக்க மாட்டேன். இத்தா முடியும்வரை நான் வர முடியாது. நவம்பர் பன்னிரண்டுக்குப் பிறகு வரலாமா, வரக்கூடாதா என்பதையும் சொல்லுங்கள்.

போனில் வேண்டாம். உங்கள் கையால் எழுதி, சீக்கிரம் பதில் போடுங்கள்.

இப்படிக்கு
றாஹிலா